ஒரு வரி முன்னால்

ஜூலையில் ஒரு மாலை
ஃபோம் லேக் பக்கம் பதினொரு நிமிடம் ஆலங்கட்டி பெய்தது.
ஓரெஸ்ட் மெல்னிச்சுக்கின் கனோலா
பூத்த மஞ்சளோடு படுத்துவிட்டது.
மதிப்பீட்டாளர் வந்தார், குனிந்து தண்டுகளை எண்ணினார்,
நூற்றுக்கு எழுபத்திரண்டு சேதம் என்றெழுதி
கையெழுத்து வாங்கிப் போனார்.

ஆகஸ்டில் எங்கள் திரை சொன்னது: பணம் அனுப்பியாயிற்று.
நவம்பரில், மூன்றாம் முறையாக, ஓரெஸ்ட் தொலைபேசியில் சொன்னார்:
இங்கே ஒன்றும் வரவில்லையே.
குரலில் கோபமில்லை.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ரெஜைனா, நான்காவது மாடி, இரவு ஒன்பதரை.
எதிர் வங்கியின் பலகையில் மைனஸ் பதினொன்று.
குளிரை அது ஒளிக்காமல் சொல்கிறது.
என் முன்னால் யாரோ தொண்ணூற்றெட்டில் எழுதிய
கோபோல் நடைமுறை.
தரவுத்தளத்துக்கு உள்ளேயே அதன் குடித்தனம்.
வெளியிலிருந்து கூப்பிட்டால் போகும், வேலையைப் பார்க்கும்,
கையில் ஓர் எண்ணோடு திரும்பும்.

பூஜ்யம் என்றால் சுபம்.
நூறு என்றால் தேடிய ஆள் இல்லை.
கழித்தல் குறி போட்டு வந்தால்
உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.
ஊருக்குப் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லாதது;
எங்களுக்கு அது நிஜமாகவே பூஜிக்கத் தக்கது.
இருபது வருடமாகக் கும்பிட்டிருக்கிறேன்.

டெல்பீன் எதிர் மேசையில்
உருளை வறுவல் கொறித்தபடி
இன்னொரு திரையில் அந்த வரிசையைப் பூட்டிப் பிடித்திருந்தாள்.
"விடமாட்டேன், நீ ஓட்டு."
ஓட்டினேன்.
பணத்தை எழுதப் போன நடைமுறை
பூட்டிய கதவுக்கு வெளியே
அறுபது நொடி நின்றது. பிறகு
-911.
அதுவரை செய்ததெல்லாம் அழிந்தது, நியாயப்படி.

இனிமேல்தான் விஷயம்.
பிழைக்கென்று ஒரு பத்தி இருக்கிறது, கடைசிப் பக்கத்தில்.
எழுதியவர் பொறுப்பானவர்.
பிழையைப் பதிவேட்டில் எழுது, என்கிறார் முதலில்.
எழுதியது. நன்றாகவே எழுதியது:
தேதி, நேரம், கோரிக்கை எண், காரணம்.
எழுதிய வேலை வெற்றி.
வெற்றியின் எண் பூஜ்யம்.
அது வந்து உட்கார்ந்தது
-911 இருந்த அதே நாற்காலியில்.
அடுத்த வரிதான் சொல்கிறது:
இப்போதுள்ள எண்ணை எடுத்துக் கூப்பிட்டவரிடம் கொடு.

கொடுத்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றால்
மறைத்த கை ஒன்று இருக்க வேண்டும்.
இங்கே அப்படி யாருமில்லை.
தோல்வியைச் சரியாக எழுதிவைத்ததற்காக
ஒரு வெற்றி வீடு திரும்பியிருக்கிறது.

அந்தப் பதிவேட்டை யாரும் திறந்ததே இல்லை.
திறந்தோம்.
மெல்னிச்சுக் ஒருவர் அல்ல.
இருநூற்றுப் பதினாறு பேர்.
டெல்பீன் வறுவல் பொட்டலத்தை மடித்தாள்,
மடித்ததை மறுபடி மடித்தாள்.

திருத்தம் பெரிதல்ல.
ஒரு வரியை ஒரு வரி முன்னால் நகர்த்தினேன்:
எதையும் தொடுவதற்கு முன்
வந்த எண்ணை எடுத்துத் தனியே வை.
பன்னிரண்டாம் பத்தியில் தொடங்கி — அடித்துவிட்டேன் —
பன்னிரண்டாம் கட்டத்தில் தொடங்கி, முற்றுப்புள்ளியோடு.
டெல்பீன் மறுபடி பூட்டினாள். அறுபது நொடி.
திரையில் கழித்தல் குறி.
இருவரும் கை தட்டினோம்,
காலி மாடியில், ஒரு தோல்விக்கு.

காலையில் ஓரெஸ்ட்டைக் கூப்பிட்டேன்.
காசோலை வெள்ளிக்கிழமை கிளம்பும் என்றேன்.
எப்படியிருக்கிறீர்கள் என்றேன்.
"குறையொன்றும் இல்லை," என்றார்,
இந்தச் சமவெளியில் எல்லோரும் சொல்வதுபோல.
அடுத்து முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.
கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.
கேட்கவில்லை.
கம்பிக்குள் காற்று இரைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்,
செப்டம்பரிலேயே
டிராக்டரை விற்றுவிட்டதாக.